கரூவில் இத்தனை நிலம் ஏன் வெறுமனே கிடக்கிறது?

முத்துவேல், மிட்ராண்ட்

வணக்கம். டிசம்பர் விடுமுறைக்குக் குடும்பத்தோடு கேப்டவுன் போய் வந்தோம், காரிலேயே. என்1 சாலையில் கோல்ஸ்பர்க் தாண்டியதும் கரூ ஆரம்பித்தது, தென்னாப்பிரிக்காவின் உள்நாட்டு வறண்ட பெருவெளி. மறுநாள் ஹெக்ஸ் ஆற்றுப் பள்ளத்தாக்கில் திராட்சைத் தோட்டம் கண்ணில் படும்வரை அதே காட்சிதான்: முழங்கால் உயரப் புதர், வெளிறிய மண், முடிவே இல்லாத கம்பி வேலி, தலையைச் சீவிவிட்டாற்போல் தட்டையான குன்றுகள், தூரத்தில் தண்ணீர் இறைக்கும் ஒற்றைக் காற்றாடி. பிள்ளைகள் ஆடு எண்ண ஆரம்பித்தார்கள். ஆடே கண்ணில் படாததால் விட்டுவிட்டார்கள்.

வழியில் எடுத்த வீடியோவை அப்பாவுக்கு அனுப்பினேன். விருதுநகர் பக்கம் ஐம்பது வருடம் விவசாயம் பார்த்தவர். "இம்புட்டு நெலத்துல ஒரு ஏர்கூட ஓடலையாப்பா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

எங்கள் ஊரும் வானம் பார்த்த பூமிதான். ஆனாலும் ஓடைக்கு ஓடை மறித்துக் கண்மாய் கட்டி, கம்பும் பருத்தியும் மிளகாயும் எடுத்தார்கள். இங்கே ஏன் யாரும் கண்மாய் கட்டவில்லை? ஒரே ஆள் கையில் ஆயிரக்கணக்கான ஹெக்டேர் இருப்பதாலா? இல்லை, சோம்பலா? விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் அப்பாவுக்குச் சொல்வேன்.

தாமு, பீனிக்ஸ் (டர்பன்)

தம்பி, "சோம்பல்" என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள். அந்த வேலிக் கம்பங்களை யார் நட்டார்கள், அந்தக் கிணறுகளை யார் வெட்டினார்கள் என்று பார்த்தால் அந்தச் சொல் வாயில் வராது. நிலம் யார் கைக்கு எப்படிப் போனது என்பதைப் பற்றி அப்புறம் விரிவாக எழுதுகிறேன்.

கல்லும் நீரும், புளூம்ஃபொன்டைன்

முத்துவேல், இதே கேள்வியை நானும் கேட்டவன். சொந்த ஊர் பரமக்குடி. 11 வருடமாக இங்கே நிலத்தடி நீர் பார்க்கும் வேலை. கரூவில் போர்வெல் போட இடம் குறித்துக் கொடுப்பது அதில் பாதி. நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் மழை. விருதுநகரில் ஆண்டுக்கு 800 மி.மீ. அளவில் பெய்கிறது. நீங்கள் பெட்ரோல் போட நின்றிருக்கக்கூடிய போஃபர்ட் வெஸ்டில் 250-ஐத் தொட்டால் நல்ல வருடம். வடமேற்கே போகப் போக 200, 150 என்று இறங்கி, டாங்க்வா பக்கம் 100-க்கும் கீழே போய்விடும். காரணம் மலைகள். தெற்கே ஸ்வார்ட்பெர்க் போன்ற மடிப்பு மலைகள் கடல் காற்றின் ஈரத்தை வடித்துவிடுகின்றன. அவற்றைத் தாண்டினால் நூவெவெல்ட் போன்ற மலைகள் பீடபூமியின் விளிம்பாக இன்னொரு சுவர் போல எழுந்து நிற்கின்றன. மேற்குத் தொடர்ச்சி மலைக்கு அந்தப் பக்கம் கொட்டி, இந்தப் பக்கம் காய்வதைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். அதே கதை, இரண்டு படிக்கட்டாக.

இப்போது மறுபக்கக் கணக்கு. இங்கே திறந்த தண்ணீர் வெயிலிலும் காற்றிலும் ஆவியாவது ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல். ஆளுயரத்துக்குத் தேக்கி வைத்தாலும் வருடம் திரும்புவதற்குள் வானமே குடித்துவிடும். நம் கண்மாய் பிழைப்பது ஐப்பசி, கார்த்திகையில் சேர்ந்தாற்போல் பெய்யும் மழையால். பெருகியதும் நட்டு, தை மாசியில் அறுத்துவிடுகிறோம். கரூவின் கிழக்குப் பாதிக்குக் கோடை இடிமழை, மேற்குப் பாதிக்குக் குளிர்கால மழை. நடுவில் இருப்பவருக்கு இரண்டிலும் மிச்சம் மீதிதான், அதுவும் எந்த மாதம் வரும் என்று நம்ப முடியாது. பெய்தால் ஒரே மணி நேரத்தில் காட்டாற்று வெள்ளம். அது சுமந்து வரும் வண்டல் அணையைத் தூர்த்துவிடும். சண்டேஸ் ஆற்றில் 1922-இல் முடிந்த டார்லிங்டன் அணையின் சுவரை, வண்டல் மேடிட்டதால் பிற்பாடு உயர்த்த வேண்டி வந்தது.

உயரத்தையும் மறக்கக் கூடாது. சதர்லாந்து ஊர் கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேல். வெயிலைப் பார்த்து வெப்பப் பாலை என்று நினைப்போம், ஆனால் ஜூலை இரவில் வாளித் தண்ணீர் உறைந்துவிடும்.

சரி, தண்ணீர் எங்கேதான் இருக்கிறது? என் பதில்: கரூவிலும் கண்மாய் இருக்கிறது, மண்ணுக்கு அடியில்.

கரூவின் அடிநிலம் பெரும்பாலும் களிப்பாறையும் மணற்பாறையும் அடுக்கடுக்காகப் படிந்தது. இவை தாமாக அதிகம் தண்ணீர் தராது. சுமார் 18 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமிக்குள்ளிருந்து எரிகுழம்பு இந்த அடுக்குகளுக்குள் ஏறி உறைந்தது. டோலரைட் என்கிற கருங்கல் அது. இங்குள்ள விவசாயிகள் எய்ஸ்டர்க்லிப், அதாவது இரும்புக்கல் என்பார்கள். சில இடத்தில் அது பாய் விரித்தாற்போல் படுத்து உறைந்தது. சுற்றியுள்ள மென்பாறை கரைந்து போக, அந்தப் பாய் தொப்பியாக நின்று காப்பாற்றியவைதான் நீங்கள் பார்த்த தட்டைத் தலைக் குன்றுகள். வேறு சில இடத்தில் நெட்டுக்குத்தாக, சில மீட்டர் அகலச் சுவராக, கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறது. குழம்பின் சூட்டில் பக்கத்துப் பாறை வெந்து வெடித்தது. அந்த வெடிப்பில்தான் தண்ணீர். சுவர் குறுக்கே நிற்பதால் சரிவில் மெல்ல ஊர்ந்து வரும் நிலத்தடி நீர் அதன் மேட்டுப் பக்கம் தேங்குகிறது. கரை, நீர்ப்பிடிப்பு எல்லாம் அதற்கும் உண்டு. வெயில் மட்டும் படாது. சில இடத்தில் கலிங்கு வழிவது போல அதுவே ஊற்றாக மேலே வரும்.

ஆகவே இங்கே வீடு எங்கே, பட்டி எங்கே, காற்றாடி எங்கே என்பதைக் கல்தான் முடிவு செய்தது. மழையைப் பார்த்து யாரும் வீடு கட்டவில்லை.

முத்துவேல், மிட்ராண்ட்

அண்ணா, மிக்க நன்றி. "மண்ணுக்குள் கண்மாய்" என்றதும் அப்பாவுக்கு உடனே போன் போட்டுச் சொன்னேன். அவர் அடுத்த கேள்வி கேட்டுவிட்டார்: தண்ணீர் இருக்கிறதென்றால் ஆட்டுக்கு மட்டும் ஏன்? போர் போட்டு, இப்போதுதான் சோலார் மோட்டார் இருக்கிறதே, பயிருக்குப் பாய்ச்ச வேண்டியதுதானே?

கல்லும் நீரும், புளூம்ஃபொன்டைன்

அப்பா சரியான இடத்தில் பிடித்தார். வெடிப்பில் இருப்பது கொஞ்சம் தண்ணீர். அது மறுபடி ஊற நல்ல மழை வேண்டும், சில சமயம் அதற்குப் பல வருடம் ஆகும். காற்றாடி ஒரு நாளில் இறைப்பது சொற்பம். காற்று நின்றால் அதுவும் நிற்கும். அந்த நிதானம் இந்த நிலத்துக்குப் பொருந்தி வந்தது. சோலார் பம்பு விடிந்ததும் ஆரம்பித்து அடையும்வரை இழுக்கும். பராமரிப்பு குறைவு என்பதால் விவசாயிகள் மாறுகிறார்கள், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அளவு பார்த்து ஓட்டச் சொல்லித் தலைப்பாடாக அடித்துக்கொள்கிறேன். ராமநாதபுரத்திலும் சிவகங்கையிலும் போர் மேல் போர் போட்டு என்ன ஆனது என்று நமக்குத் தெரியும்.

ஆட்டுக்கு ஏன் என்றால், ஆடு தானே நடந்து போய் மேயும். 4 முதல் 6 ஹெக்டேரில் ஒரு ஆடு என்பது பல இடங்களில் வழக்கமான கணக்கு, வறண்ட வடமேற்கில் இன்னும் அதிக நிலம் வேண்டும். உங்கள் பிள்ளைகள் ஆட்டைத் தேடிக் களைத்ததற்குக் காரணம் இதுதான். ஆங்கர் புதர் மாதிரி சின்னச் சின்னக் கரூச் செடிகள் பார்வைக்குக் காய்ந்த குச்சியாகத் தெரிந்தாலும் சத்துள்ளவை. பயிருக்குப் போதாத மழையை அவை தழையாக்குகின்றன, ஆடு அதைக் கம்பளியும் கறியுமாக்குகிறது. அதனால்தான் "சும்மா கிடக்கிறது" என்ற பேச்சை என்னால் ஏற்க முடியவில்லை.

இன்னொன்று. ஆடு தண்ணீருக்காக நாள்தோறும் சில கிலோமீட்டருக்கு மேல் நடக்க முடியாது. காற்றாடி வருவதற்கு முன் ஊற்றைச் சுற்றித்தான் மேய்ச்சல், நரிக்குப் பயந்து இரவில் பட்டியில் அடைப்பு. காலையில் போய் மாலையில் திரும்பும் குளம்படியில் ஊற்றைச் சுற்றி நிலம் பொட்டலாகிவிட்டது. நாம் கிடை போடுவது வயலுக்கு உரம் சேர. இங்கே பட்டியில் இறுகிய சாணத்தை வெட்டி எடுத்து அடுப்பெரித்தார்கள், விறகுக்கு மரம் கிடையாது. 1870களுக்குப் பிறகு இறக்குமதிக் காற்றாடியும், 1883-இன் வேலிச் சட்டமும் கம்பியும் வந்த பின்தான் நிலத்தைத் துண்டு துண்டாக அடைத்து, ஒவ்வொரு அடைப்பிலும் ஒரு தொட்டி வைத்து, ஒன்றை ஆற விட்டு மற்றொன்றில் மேய்க்கும் முறை வந்தது. நீங்கள் பார்த்த "முடிவே இல்லாத வேலி" அதுதான்.

அதற்காக எல்லாம் நன்றாக நடந்தது என்று சொல்லவில்லை. கொரியப் போர்க் காலத்தில், 1950-51-இல், கம்பளி விலை எகிறியது. நிலம் தாங்குவதற்கு மேல் ஆடு ஏற்றினார்கள். 1969-இல் ஆட்டைக் குறைக்க அரசே பணம் கொடுத்துத் திட்டம் போட வேண்டியிருந்தது.

வானோக்கி, கார்னார்வன்

எல்லோருக்கும் வணக்கம். நான் அம்பாசமுத்திரம். மீர்கேட் ரேடியோ தொலைநோக்கியில் வேலை, மாதத்தில் பாதி நாள் கார்னார்வனில்.

கல்லும் நீரும் அண்ணா, ஒரு இடத்தில் மறுக்க வேண்டும். கண்மாய் மண்ணுக்கு அடியில் மட்டும் இல்லை, மேலேயும் இருக்கிறது. எங்கள் வடமேற்குப் பக்கம், சாக் ஆற்றை ஒட்டி, வில்லிஸ்டன், பிராண்ட்ஃப்ளே பக்கம் போய்ப் பாருங்கள். "சாய்டம்" என்பார்கள், விதைப்பு அணை என்று பொருள். நிலம் கிட்டத்தட்டத் தரைமட்டம். ஆறு வருடத்தில் சில நாள் ஓடும், அல்லது ஓடாது. ஓடும் நாளில் அந்த வெள்ளத்தைத் தாழ்வான மண் கரைகளால் மறித்து, அகலமான வண்டல் பரப்பில் முழங்கால் ஆழத்துக்குப் பரப்பி நிறுத்துவார்கள். மண் வயிறு நிறையக் குடித்ததும் மடையைத் திறந்து, மிச்சத்தை அடுத்த பாத்திக்கு விட்டுவிட்டு, அந்த ஈரத்திலேயே விதைப்பார்கள். முன்பு கோதுமை, பிறகு பெரும்பாலும் குதிரை மசால் என்கிற தீவனப் பயிர். தண்ணீரைத் தேக்கி வைப்பதில்லை, ஈரத்தைத் தேக்குகிறார்கள். ஜெய்சால்மர் பக்கம் கடீன் என்று ஒரு முறை உண்டு, அதுவும் இதே யோசனைதான். நீங்கள் சொன்ன ஆவியாகும் கணக்குக்கு இதைவிட நல்ல பதில் எனக்குத் தோன்றவில்லை.

இதற்கும் ஒரு விலை உண்டு. ஆற்றோர வண்டலில்தான் ஆற்று முயல் என்கிற, உலகில் வேறெங்கும் இல்லாத முயல் வளை தோண்டும். அந்த வண்டலை உழுதது அது இவ்வளவு அரிதாகிப் போனதற்கு ஒரு காரணம்.

இந்த ஊரில் என்னை முதலில் நிறுத்தி வைத்தது வீடுகள். கார்னார்வன், வில்லிஸ்டன், ஃப்ரேஸர்பர்க் சுற்றில் தேன்கூடு வடிவக் கல் வீடுகள் நிற்கின்றன, 19-ஆம் நூற்றாண்டுடையவை. உத்தரத்துக்கு மரம் கிடையாது. எனவே தட்டைக் கற்களை வட்டமாக அடுக்கி, ஒவ்வொரு சுற்றையும் கொஞ்சம் உள்ளே தள்ளி, உச்சியில் ஒரே கல்லால் மூடிவிட்டார்கள். அடுக்குப் பாறை இப்படிப் பலகை பலகையாகப் பிரிந்து வராவிட்டால் இந்த வீடும் இல்லை.

தொலைநோக்கி இங்கே வந்ததும் தண்ணீரால்தான் என்று சொல்வேன். தண்ணீர் இல்லை, அதனால் ஆள் இல்லை. ஆள் இல்லை, அதனால் ரேடியோ இரைச்சல் இல்லை. போதாததற்கு அந்தத் தட்டைத் தலைக் குன்றுகள் சுற்றி நின்று தூரத்து ஊர்களின் அலைகளை மறைக்கின்றன. 2018-இல் 64 தட்டுகளோடு மீர்கேட் திறக்கப்பட்டது, ஒவ்வொன்றும் 13.5 மீட்டர் விட்டம். ஆட்டுப் பண்ணைகளை விலைக்கு வாங்கித்தான் இடம் எடுத்தார்கள். சுற்றியுள்ள நிலம் 2020-இல் தேசியப் பூங்காவாகவும் ஆனது. பண்ணை போனதால் கம்பளி கத்தரிக்கும் வேலையை இழந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள். கழுதை வண்டியில் குடும்பத்தோடு பண்ணை பண்ணையாகப் போய் ஆடு கத்தரிப்பவர்களைப் பார்க்கும்போதெல்லாம் ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராகப் போகும் நம் பக்கத்துக் கீதாரிகள் நினைவுக்கு வருகிறார்கள்.

அப்புறம் முக்கியமான ஒன்று: இங்கே சீமைக் கருவேலம் இருக்கிறது!

முத்துவேல், மிட்ராண்ட்

சீமைக் கருவேலமா? அங்கேயுமா?

வானோக்கி, கார்னார்வன்

அதே பேரினம், நெருங்கிய உறவு மரங்கள். ஒன்றோடொன்று கலந்து கலப்பினமாகிவிட்டன. அமெரிக்காவிலிருந்து 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வந்தது. நிழலுக்கு, விறகுக்கு, நெற்றுக்கு என்று நட்டார்கள். ஆடு நெற்றைத் தின்று விதையை ஊர் ஊராகக் கொண்டுபோனது. இப்போது ஆற்றுப் படுகைகளில் உள்ளே நுழைய முடியாத முள் காடு. நிலத்தடி நீர் எங்கே மேலாக இருக்கிறதோ அங்கேயே வேர் இறங்கி உறிஞ்சுகிறது. கல் தேக்கி வைத்ததை மரம் குடிக்கிறது.

1987-இல் அதன் விதையை மட்டும் துளைத்துத் தின்னும் வண்டுகளை விட்டார்கள். மரத்தையே கொல்லும் பூச்சியை விட அன்று யாருக்கும் மனமில்லை, ஏனென்றால் நெற்று பஞ்ச காலத்து ஆட்டுத் தீவனம். ஒரே மரம் ஒருவருக்குத் தீவனம், பக்கத்து நிலத்துக்காரருக்குப் பகை. எங்கள் தாமிரபரணிக் கரையில் கரி மூட்டம் போட்டுப் பிழைப்பவரிடமும் பாசனக்காரரிடமும் தனித்தனியாகக் கேட்டால் இதே இரண்டு பதில்தான் வரும்.

தாமு, பீனிக்ஸ் (டர்பன்)

நல்ல விவரங்கள். ஆனால் எல்லாவற்றையும் கல் முடிவு செய்தது என்று விட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. கல் எங்கே தண்ணீர் என்று சொன்னது. யாருக்குத் தண்ணீர் என்று சொன்னது துப்பாக்கியும் சட்டமும்.

வரைபடத்தில் எத்தனை ஊர்ப் பெயர் "ஃபொன்டைன்" என்று முடிகிறது பாருங்கள். புளூம்ஃபொன்டைன், மாய்க்கிஸ்ஃபொன்டைன், லூரிஸ்ஃபொன்டைன். ஃபொன்டைன் என்றால் ஊற்று. நம் ஊர்ப் பெயர்கள் குளம், ஏந்தல், ஊருணி என்று முடிவது போலத்தான். வடக்கு கேப்பில் புட்சோண்டர்வாட்டர் என்று ஒன்று உண்டு, "தண்ணீரில்லாக் கிணறு" என்று அர்த்தம். 

18-ஆம் நூற்றாண்டில் டச்சுக் கம்பெனி கொடுத்த கடன் பண்ணை முறையைப் பற்றிப் படித்துப் பாருங்கள். ஒரு ஊற்றை நடுவில் வைத்து, குதிரையை நடை போடவிட்டு அரை மணி நேரம் போகிற தூரம் நாலாபக்கமும் உங்கள் நிலம். சுமார் 2,500 ஹெக்டேர். ஊற்று உன்னுடையதானால் சுற்றியுள்ள வறண்ட நிலம் எல்லாம் உன்னுடையது, தண்ணீர் இல்லாமல் வேறு யார் அங்கே வந்து இருக்க முடியும்?

அந்த ஊற்றுகள் அதற்கு முன் ஆளில்லாமல் கிடக்கவில்லை. சான், கோயிகோயி மக்கள் தலைமுறை தலைமுறையாக அவற்றைச் சுற்றி வாழ்ந்தார்கள். ஊற்றையும் வேட்டைக்காட்டையும் இழந்தவர்கள் ஆட்டைப் பிடித்தார்கள். 1774-இல் அவர்கள்மீது பெரும்படை போனது, 500-க்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். அந்தக் காட்டில் பேசிய சாம் மொழியை இன்று பேச யாரும் இல்லை. 2000-ஆம் ஆண்டில் ஏற்ற தென்னாப்பிரிக்க நாட்டுச் சின்னத்தின் வாசகம் அந்த மொழியில்தான் எழுதியிருக்கிறது.

நம்மைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். முத்துவேல் தம்பி, கரூவுக்கு முன்னால் நீங்கள் கடந்தது ஃப்ரீ ஸ்டேட் மாகாணம். 1891-இல் போட்ட சட்டத்தால் அங்கே இந்தியர் குடியிருக்கவும் விவசாயம் செய்யவும் கூடாது. 1980களின் நடுவில்தான் அது நீங்கியது. என் தாத்தா கரும்புத் தோட்டத்தில் ஒப்பந்தம் முடித்து, ஆற்றோரத்தில் ஒரு துண்டு நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துக் கீரையும் வெண்டையும் போட்டவர். டர்பன் வெயிலும் மழையும் அவருக்குக் கைகொடுத்தது. "நம்மவர் கையில் கரூவைக் கொடுத்திருந்தால்" என்று யோசிக்கும்போது, நம்மவர் அங்கே போகும் வழியில் ஒரு இரவு தங்கவே முடியாத காலம் இருந்தது என்பதையும் அப்பாவிடம் சொல்லுங்கள்.

1998-இன் தேசிய நீர்ச் சட்டம் வந்த பிறகு தண்ணீர் யாருக்கும் சொந்தச் சொத்து இல்லை. அரசு அதற்குப் பொறுப்பாளர். நிலம் அப்படி மாறவில்லை.

கல்லும் நீரும், புளூம்ஃபொன்டைன்

தாமு ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். நான் எழுதியதில் இது விடுபட்டது தவறு. பண்ணையில் இடம் குறிக்கப் போகும்போது பழைய ஊற்றுக்குப் பக்கத்தில் கல் கருவிகள் மண்ணில் சிதறிக் கிடக்கும். நான் காந்தமானி வைத்துத் தேடும் தண்ணீரை அவர்கள் எப்போதோ கண்டிருக்கிறார்கள்.

வானோக்கி, சாய்டம் விஷயத்தில் நீங்கள் சொன்னதே சரி. கிழக்குக் கரூவிலேயே சுற்றியதால் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டேன்.

சரோஜா, மலபார் (கெபெஹா, பழைய போர்ட் எலிசபெத்)

நான் இங்கேயே பிறந்து வளர்ந்தவள், நான்காம் தலைமுறை. தமிழ் எழுதக் கற்றது கோயில் வகுப்பில், நாற்பது வயதுக்கு மேல். பிழை இருந்தால் மன்னியுங்கள்.

எல்லோரும் வடக்குப் பக்கமே பேசுகிறீர்கள். கரூவில் பச்சை இல்லை என்பது உண்மை இல்லை. அப்பா லாரியில் காய்கறி ஏற்றி கிராடாக், கிராஃப்-ரைனெட் எல்லாம் போவார். சின்ன வயதில் நானும் போயிருக்கிறேன். கிரேட் ஃபிஷ் ஆறு முன்பு கோடையில் குட்டை குட்டையாக உப்புக் கரித்துக் கிடக்கும் என்பார். 1975-இல் சுரங்கக் கால்வாய் திறந்தார்கள். ஆரஞ்சு ஆற்றைக் காரிப் அணையில் நிறுத்தி, மலைக்கு அடியில் 82 கிலோமீட்டருக்கு மேல் குடைந்து தண்ணீரை இந்தப் பக்கம் கொண்டு வந்தார்கள். டீபஸ் என்ற குன்றுக்குப் பக்கத்தில் அது வெளியே வருகிறது. டீபஸ் என்றால் தேயிலை டப்பா, குன்றும் அப்படியே இருக்கும். அங்கிருந்து ஃபிஷ் ஆறு, பிறகு சண்டேஸ் பள்ளத்தாக்கு, கிர்க்வுட் ஆரஞ்சுத் தோட்டங்கள், கடைசியில் எங்கள் வீட்டுக் குழாய். 2022-இல் எங்கள் ஊர் அணைகள் வற்றியபோது நகரத்தைத் தாங்கியது அந்தத் தண்ணீர்தான். நான் வாளியோடு வரிசையில் நின்றவள், எனக்குத் தெரியும்.

அதனால் தண்ணீர் இல்லை, ஆகவே ஆடுதான் என்று முடித்துவிடாதீர்கள். தண்ணீர் கொண்டு வந்தால் மண் தருகிறது. அப்பா பார்த்த உப்பு ஆற்றங்கரையில் இன்று எலுமிச்சை காய்க்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1981 ஜனவரி 25. லைங்ஸ்பர்க்கில் பஃபல்ஸ் ஆறு வந்து ஊரையே அடித்துப் போனது. 104 பேர் இறந்தார்கள். அந்த ஆற்றைச் செருப்பு நனையாமல் நடந்து கடந்திருக்கிறேன் என்று அப்பா திரும்பத் திரும்பச் சொல்வார். ஊர் வெள்ளப் படுகையில் இருந்தது. வறண்ட ஊரில் சமதளமாக, மண் நன்றாக, கிணறு மேலாக இருப்பது ஆற்றங்கரை ஒன்றுதான். அதனால்தானே அங்கே கட்டினார்கள்.

கல்லும் நீரும், புளூம்ஃபொன்டைன்

சரோஜா அக்கா, உங்கள் தமிழில் ஒரு குறையும் இல்லை.

ஆரஞ்சு ஆற்றுத் தண்ணீர் பற்றி எனக்கு இரண்டு மனசு. அந்த நீர் லெசோத்தோ மலைகளில் பெய்த மழை. கரூ அதற்கு வழி மட்டுமே. அப்பிங்டன், காக்கமாஸ் பக்கம் போனால் இன்னும் தெளிவாகத் தெரியும். ஆற்றை ஒட்டிக் கால்வாய் எட்டும் தூரம் வரை திராட்சைக் கொடி. கால்வாயைத் தாண்டி ஒரு அடி வைத்தால் சரளைக் கல். அப்பிங்டனில் ஆற்று நீரை வாய்க்கால் வெட்டி முதலில் வயலுக்குக் கொண்டுபோனவர் ஆப்ரகாம் செப்டெம்பர், 1882 வாக்கில். அவர் வெள்ளையர் அல்ல என்பதைத் தாமு ஐயாவுக்காகச் சொல்கிறேன்.

ஆனால் பாசனம் செய்த வயலிலிருந்து வடியும் நீர் உப்பைக் கரைத்துக்கொண்டு மறுபடி ஃபிஷ் ஆற்றுக்கே வருகிறது, கீழே இருப்பவர் அதைத்தான் பாய்ச்சுகிறார். அந்தச் சுரங்கம் எட்டாத ஊர்களுக்கோ இது எதுவும் உதவாது. போஃபர்ட் வெஸ்டில் 2011-இல் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குடிநீரோடு சேர்க்க ஆரம்பித்தார்கள், இந்த நாட்டில் அதுவே முதல் ஊர். பிறகு வந்த வறட்சியில் அங்குள்ள காம்கா அணை முழுக்கக் காய்ந்தபோது போர்வெல்லும் அந்தச் சுத்திகரிப்பு ஆலையும்தான் ஊரைக் காப்பாற்றின.

முத்துவேல், மிட்ராண்ட்

மூன்று மாதம் கழித்துத் திரும்ப வருகிறேன். ஈஸ்டர் விடுமுறைக்கு மறுபடி கரூவுக்கே போனோம், இந்த முறை வேண்டுமென்றே.

பிரின்ஸ் ஆல்பர்ட்டில் இரண்டு இரவு தங்கினோம். ஸ்வார்ட்பெர்க் மலையிலிருந்து இறங்கும் நீர் தெரு ஓரத்து வாய்க்காலில் ஓடுகிறது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரம் குறித்திருக்கிறது. தங்கிய வீட்டுக்கார அம்மா தன் முறை வந்ததும் எழுந்து போய்ச் சின்னப் பலகை மடையைத் தூக்கி, தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுவிட்டு, நேரம் முடிந்ததும் இறக்கி வைத்தார். "லெய்வாட்டர்" என்கிறார்கள். வீடியோவில் பார்த்த அப்பா, "நீர்க்கட்டி இல்லையா?" என்றுதான் முதலில் கேட்டார். எங்கள் ஊரில் மடை திறக்க ஒரு ஆள், அவருக்கு அறுவடையில் பங்கு. இங்கே அவரவர் கையால் செய்துகொள்கிறார்கள், முறை தவறினால் பக்கத்து வீட்டோடு சண்டை. சண்டை மட்டும் எல்லா ஊரிலும் ஒன்றுதான் என்றார் அப்பா.

நாங்கள் திரும்பும்போது பழைய வீடியோவையும் அவர் மறுபடி பார்த்திருக்கிறார். கல்லும் நீரும் அண்ணாவுக்கு அவர் கேட்கச் சொன்னது: "அந்தக் கருங்கல் சொவத்த மேலருந்து எப்படிக் கண்டுபிடிப்பாக? எங்கூர்ல தேங்காய வச்சுப் பாப்பாக."

கல்லும் நீரும், புளூம்ஃபொன்டைன்

இங்கேயும் கவைக் குச்சி பிடித்து நடந்து பார்ப்பவர்கள் உண்டு. பல பண்ணைகளில் நான் போவதற்கு முன் அப்படி ஒருவர் வந்து போயிருப்பார். என்னிடம் காந்தமானி. டோலரைட்டில் காந்தத் தன்மை உண்டு, மேலே மண் மூடியிருந்தாலும் கருவி காட்டிவிடும்.

வெறுங்கண்ணுக்கும் தெரியும். சமவெளியில் ஆறோ ஓடையோ இல்லாத இடத்தில், நூல் பிடித்தாற்போல் நேராக ஒரு வரிசை மட்டும் புதர் உயரமாக, பச்சையாக இருக்கும். சில இடத்தில் முள்மரமே வரிசை கட்டி நிற்கும். நடுநடுவே கரும்பழுப்பு உருண்டைக் கற்கள். அதுதான் சுவர் ஓடும் தடம்.

முத்துவேல், மிட்ராண்ட்

அண்ணா, டிசம்பர் வீடியோவில் அப்படி ஒரு இடம் இருக்கிறதாம். ரிச்மண்ட் தாண்டி எங்கோ. நான் பத்து தடவை பார்த்தும் கவனிக்கவில்லை. அப்பா நிறுத்திப் படம் எடுத்து அனுப்பியிருக்கிறார். குன்றின் அடியிலிருந்து சாலை வரை ஒரே நேர்க்கோட்டில் முள்மரங்கள், ஓரத்தில் ஒரு காற்றாடி.

கல்லும் நீரும், புளூம்ஃபொன்டைன்

அதேதான். காற்றாடி அந்த வரிசைக்கு எந்தப் பக்கம் நிற்கிறது என்று அப்பாவிடம் கேளுங்கள்.

முத்துவேல், மிட்ராண்ட்

கேட்டேன். மேட்டுப் பக்கமாம்.